மம்மி கேட்ட மூச்சு

என் அண்ணன் ரொஷான் மெல்பேர்னில் இருந்தபடியே எங்கள் மம்மிக்கு விசர், புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவை எங்களுக்கு அறிவிப்பதற்காகக் கொழும்புக்கு வந்தார். வந்த மறுநாளே வத்தளையில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் தென்னை மரம் தெரியுமாம். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் கலியாணம் முடித்து, புறக்கோட்டைக்கு அப்பால் போவதற்கே பவுடர் பூசிக்கொள்கிற மனுஷிக்குத் தென்னை மரம் எதற்கு என்று நான் கேட்டேன்.

"நீ சும்மா இரு றொசானா. நீ வெள்ளவத்தையில இருக்கிறாய், நான் ஒஸ்ரேலியாவில இருக்கிறன். தனிய இருக்கிறது மம்மி" என்றார்.

அது உண்மை. அண்ணா உண்மை சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கும் வந்தது. திங்கட்கிழமை மம்மியைக் கூட்டிக்கொண்டு போவதென்று ஏற்பாடு.

இத்தனைக்கும் காரணம் ஒரு மூச்சு.

எங்கள் கடைக்குட்டி நிரோஷன் போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், சாவதற்கு ஒரு கிழமை முன்வரை தெருவையே சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தவன். கனத்தையில் அடக்கம் பண்ணிவிட்டு வந்து, கழுவாமல் கிடந்த அவனுடைய தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துத்தான் நான் அழுதேன். மம்மி அப்போதும் அழவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் எங்கள் தேவாலயத்தின் பங்கு வானொலியில் எங்கள் வீட்டு முறை வந்திருந்தது. எங்கள் பங்கில் இணையத்தில் ஒரு சின்ன வானொலி நடக்கிறது. கப்பலிலும் கட்டாரிலும் இருக்கிற எங்கள் பெடியளுக்காக ஒஸ்வால்ட் அங்கிள் தொடங்கியது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர், கோவிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு மைக்கும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு ராச்சியம் நடத்துகிறார். செபமாலை மாதத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டார் அங்கே போய்ச் செபமாலை சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மைக்கை நிற்பாட்டுவதில்லை. செபத்தை நடத்தியவர் அப்படியே மைக்குக்கு முன்னால் தன் வீட்டில் செத்தவர்களுக்காக மனதுக்குள் செபிப்பார். கப்பலில் இருக்கிறவன் அந்த நேரம் தன் வீட்டில் செத்தவர்களை நினைத்துக்கொள்வான். வானொலியில் சத்தமே இல்லாவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று நான் ஒருமுறை பங்குச் சுவாமியிடம் சொன்னேன். "அதைத்தான் மகள் கனபேர் கேக்கினம்" என்றார். 

எங்கள் வீட்டு முறைக்கு நிரோஷன் நடத்தினான். செத்துப்போன டடிக்காக மௌனமாக இருந்தான். அந்தப் பதிவை ஒஸ்வால்ட் அங்கிள் மம்மியின் போனுக்கு அனுப்பிவைத்தார். அதன் கடைசிப் பகுதியில் வார்த்தை இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு இளம் பெடியன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான்.

நிரோஷன் பாடுகிற வீடியோ இருக்கிறது, பிறந்தநாளுக்கு ஆடுகிற வீடியோ இருக்கிறது. மம்மி அவற்றைத் தொடுவதில்லை. "அதெல்லாம் ஊருக்குக் காட்டினது. இதில அவன் சும்மா இருக்கிறான்" என்பார். காலைப் பூசைக்குப் போய் வந்து, பிளேன்டீயை வைத்துக்கொண்டு, நான் கொடுத்த ஹெட்போனை மாட்டி, அந்த மூச்சைக் கேட்பார். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு எதைக் கேட்பாள்?

ஆனால் ஒருநாள் மம்மி சொன்னார்: "இண்டைக்கு மூச்சு வேற மாதிரி."

"எப்பிடி வேற?"

"நேத்துக் கொஞ்சம் கரகரப்பு. இண்டைக்குத் தெளிவா விட்டான்."

"மம்மி, அது பதிஞ்சு வச்சது. ஒவ்வொரு நாளும் ஒண்டுதான்."

"எனக்குக் காது இல்லையா?"

மம்மியின் காதைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. பங்கின் பாடகர் குழுவை ஆண்டாண்டு காலமாக நடத்தியவர். பின்வரிசையில் யார் சுருதி விட்டது என்று திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்லித் திட்டுவார். அந்தக் காதை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னதுதான் எங்களைப் பயப்படுத்தியது. எனக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், மீன்காரனுக்குச் சிங்களத்தில் சொன்னார், கடைசியில் மெல்பேர்னுக்கும் போன் எடுத்துச் சொன்னார். அண்ணா பதறிப்போய், யாரோ சிநேகிதன் மூலம் பொரளையில் ஒரு டொக்டரைப் பிடித்தார். டொக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மம்மி தன்னை வெளியில் உட்கார வைத்திருந்த நேரத்தைக் கணக்கு வைத்து, உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டிய மணியைக் காட்டி வரைந்து கொடுத்தார். டொக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மாறாத பதிவு மாறிக் கேட்கிறது என்பது நல்ல அறிகுறி இல்லை, தனியே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தார்.

இதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை பின்னேரம் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது மம்மி கட்டிலில் சூட்கேஸை விரித்து வைத்து, சீலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மம்மி, நீங்க ஏன் அடுக்குறீங்க? நான் அண்ணாவோட இன்னும் கதைச்சு முடிக்கேல்ல."

"கதைச்சு என்ன செய்ய? அவன் சொல்றது சரி மகள். ஒரே பைல் ஒவ்வொரு நாளும் மாறுமா? மாறாது. அப்ப மாறினது என்ட மண்டை. எனக்கே தெரியுது."

 சுவாமிமாரோடு சண்டை பிடித்து வென்ற பெண் இவர். மாநகரசபைக்காரன் குப்பை எடுக்காமல் போனபோது லொறிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தவர். அவர் தோற்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அண்ணாவின் தீர்ப்பைவிட அது என்னைப் பயங்கரமாக உலுக்கியது. தன் காதை நம்பாத மம்மி எந்தக் கட்டிலில் படுத்தாலென்ன, வத்தளையானாலென்ன, கொட்டாஞ்சேனையானாலென்ன?

வெள்ளவத்தையில் எனக்கு வேலை ஒலிப்பதிவுக் கலையகம் ஒன்றில். கடல் பக்கத்து ஒழுங்கையில் இரண்டாம் மாடி. வெளிநாட்டுத் தமிழ் வானொலிகளுக்கு விளம்பரம் செய்வோம், கலியாண வீடியோக்களில் ஐயரின் மைக்கில் விழுந்த காற்றைத் துடைப்போம். ஒரு சத்தமும் இன்னொரு சத்தமும் ஒன்றுதானா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டி மற்றதற்கு மேல் சரியாகப் பொருத்தி வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று தின்றுவிடும், எதுவும் கேட்காது. ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அந்த வித்தியாசம் மட்டும் கேட்கும்.

வெள்ளிக்கிழமை நான் நிரோஷனின் பதிவை இரண்டு முறை ஓடவிட்டுப் பதிந்து, ஒன்றைப் புரட்டி மற்றதன் மேல் வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. செபமாலையும் இல்லை, மூச்சும் இல்லை. சுத்தமான வெறுமை. எனக்கு விசும்பல் வந்துவிட்டது. மம்மி பிழை. அண்ணா சரி. அண்ணா சரியாயிருப்பதை என்னால் எப்போதுமே தாங்கிக்கொள்ள முடிவதில்லை, அன்றைக்கு அது வேறுவிதமாக வலித்தது.

சனிக்கிழமை காலை மம்மியோடு பூசைக்குப் போய், வீட்டுக்கு வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். மம்மி ஹெட்போனை மாட்டினார். போனில் பதிவைத் திறந்தார். செபமாலை தொடங்கியதும் திரையில் ஓடும் நேரக் கோட்டில் விரலை வைத்துக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. திரும்பவும் இழுத்தார். கேட்டார். முடிவதற்குள் மறுபடி பின்னுக்கு இழுத்தார்.

"மம்மி, நீங்க எப்பவும் இப்பிடியா கேக்கிறது?"

"பின்ன? முழுச் செபமாலையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் இருக்கவா? நான் கோவிலில சொல்லிட்டுத்தானே வாறன்."

நான் இரண்டு தரமும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டிருந்தேன். மம்மி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் என்ன வித்தியாசம் வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போனேன்.

இந்த முறை மம்மி செய்ததைப்போலவே செய்தேன். தொடங்கி, இழுத்து, தள்ளிப் போய், திரும்ப இழுத்து, கடைசிப் பகுதியைப் பதிந்தேன். இன்னொரு முறை வேறு இடத்திலிருந்து இழுத்துப் பதிந்தேன். ஒன்றைப் புரட்டி மற்றதன் மேல் பொருத்தினேன்.

நிரோஷனின் கடைசி வார்த்தைகள் மறைந்து போயின. குரல் இல்லை, கதிரை அசைகிற சத்தம் இல்லை. பிறகு அந்த வெறுமைக்குள் மூச்சு மட்டும் கேட்டது.

 ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டேன். பிறகு பயந்து பயந்து எடுத்து மாட்டினேன். மூச்சு உள்ளே இழுத்தது, வெளியே விட்டது. மறுபடி பதிந்து பார்த்தேன், மறுபடி பொருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வார்த்தை ஒழிந்தது, மூச்சு ஒழியவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் வேறு மூச்சு விட்டிருந்தான். மம்மி சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

என் தம்பி கனத்தையில் இருக்கிறான். நான் பட்டப்பகலில், வெள்ளவத்தையில், கீழே பழக்கடைக்காரன் கத்திக்கொண்டிருக்கிறபோது, அவன் புதிதாக மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விசர் என்றால் அது எனக்குத்தான் பிடித்திருக்க வேண்டும். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொழில் புத்தி திரும்பி வந்தது. பதிவின் அளவை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்ததும் அண்ணாவுக்குப் போன் எடுத்து, ஒஸ்வால்ட் அங்கிளின் அறைக்கு உடனே வரச் சொன்னேன்.

ஒஸ்வால்ட் அங்கிள் எங்களைக் கண்டதும் மகிழ்ந்து போனார். "வாங்க, வாங்க. பெரியவனும் வந்திருக்கிறான்" என்று கதிரையில் இருந்த மெழுகுதிரிப் பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

"அங்கிள், தம்பி நடத்தின செபமாலையிட அசல் இருக்கா? சுருக்காதது?"

"அது எப்பவோ அழிச்சாச்சு மகள். இடம் காணாது. சுருக்கினதுதான் எல்லாம்."

"எந்தப் புரொபைல்ல சுருக்கினீங்க?"

பெருமையாகக் காட்டினார். கணினித் திரையில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். எல்லாவற்றிலும் சரி போட்டிருந்தார்.

"கப்பலில இருக்கிற பெடியளுக்கு டேட்டா எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதான் என்னென்ன சுருக்குமோ எல்லாத்தையும் போட்டுட்டன். பழைய புரொபைல்ல இதெல்லாம் இல்ல. புதுசுல தான் வந்தது. இப்ப ஒரு முழுச் செபமாலை ஒரு போட்டோ அளவுக்கும் வராது!"

அண்ணா என்னைப் பார்த்தார். "இப்ப எதுக்கு இந்தக் கதை?"

நான் சொன்னேன். ஒலிப்பதிவைச் சுருக்குகிற முறையில் புரொபைல் என்பது சோற்றுப் பார்சல் மாதிரி. மரக்கறி என்றால் உள்ளே இன்ன இன்ன இருக்கும், மீன் என்றால் இன்ன இன்ன இருக்கும் என்று கட்டுகிறவனுக்கும் தெரியும், பிரிக்கிறவனுக்கும் தெரியும். அந்தப் புரொபைலுக்குள் இருக்கிறவற்றைக் கருவிகள் என்பார்கள். ஒரு கருவி, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பொதுவானதை ஒருதரம் மட்டும் எழுதும். இன்னொரு கருவி இருக்கிறது. இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் வந்தால், மழையோ, காற்றோ, அதை எழுதி அனுப்பாது. ஒரு மழைச் சத்தத்துக்கும் இன்னொரு மழைச் சத்தத்துக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் 'இந்த இடத்தில் இரைச்சல், இவ்வளவு பலம்' என்று ஒரு குறிப்பை மட்டும் அனுப்பும். கேட்கிறவனுடைய போன் அந்த நேரத்தில் தானே ஒரு இரைச்சலைச் செய்து அந்த இடத்தை நிரப்பிவிடும். தொடக்கத்திலிருந்து ஓடவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் செய்யும். நடுவில் இழுத்து இழுத்துக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு இரைச்சல்.

"வார்த்தையெல்லாம் தம்பியிடது" என்றேன். "கடைசியில ஒரு வார்த்தையும் இல்ல. மூச்சு மட்டும்தான் இருந்தது. மூச்சு எண்டா மெசினுக்கு இரைச்சல். அதை அது அனுப்பவே இல்ல, அண்ணா."

அண்ணாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மம்மி கேக்கிறது?"

"மம்மியிட போன் செய்யிற சத்தம். ஒவ்வொரு நாளும் புதுசா."

ஒஸ்வால்ட் அங்கிள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இயேசுவே. அப்ப இத்தனை வீட்டு மௌன செபமும்…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. திரையில் இருந்த சதுரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நானும் அண்ணாவும் கோவில் முற்றத்துக்கு வந்தோம். மாலைச் செபமாலைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

"மம்மிக்கு விசர் இல்ல. நீங்களும் டொக்டரும்தான் பிழை" என்றேன். சொல்வதற்கு நான் நினைத்திருந்த அளவு சந்தோஷமாக இருக்கவில்லை.

"ஓம். நான் பிழை" என்றார் அண்ணா. அவர் இப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. "ஆனா இதை மம்மிக்குச் சொல்லாத."

"சொல்லாட்டி அவ தனக்கு மண்டை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு வத்தளைக்குப் போவா."

"போகட்டும். அங்கயும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பா. நீ சொன்னா அதுவும் இல்ல. இருக்கிறது அது ஒண்டுதான், றொசானா. அதையும் பறிக்கப் போறியா?"

"அப்ப விசரியாவே சாகட்டும் எண்டுறீங்களா?"

"மகனோட இருக்கிற விசரி. நீ சொன்னா புத்தியோட தனிய இருப்பா. எது நல்லம்?"

எங்கள் சத்தத்துக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சூட்கேஸுக்குள் சீலை அடுக்கிய மம்மியின் முதுகு என் கண்ணுக்குள் நின்றது. ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய புத்தியை எடுத்துவிட்டு, வைத்துக்கொள் என்று ஒரு இயந்திரத்தின் இரைச்சலைக் கொடுப்பது எந்த ஊர் அன்பு? நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அண்ணா கையை விரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் என் கணினியை வைத்தேன். அண்ணா ஜன்னலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மம்மிக்கு ஹெட்போனை மாட்டி, நான் இழுத்துப் பதிந்த இரண்டில் முதலில் ஒன்றைக் கேட்கச் செய்தேன், பிறகு மற்றதை. "ரெண்டும் ஒண்டா மம்மி?"

"இல்லை. ரெண்டாவதில கரகரப்பு" என்றார் உடனே. பிறகு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி, "எனக்கு அப்பிடிக் கேக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டையும் பொருத்தி ஓடவிட்டேன். ஒன்றானால் ஒன்றும் கேட்காது என்பதை விளங்கப்படுத்தினேன். மம்மி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வார்த்தைகள் போய் மூச்சு மட்டும் வந்தபோது கண்ணைத் திறந்தார்.

"கேக்குது" என்றார்.

"எனக்கும் கேக்குது மம்மி. அண்ணாவும் ஒத்துக்கொண்டிட்டார். ரெண்டும் வேற வேற. நீங்க சொன்னது சரி. முதல் நாளிலயிருந்தே சரி."

மம்மி ஹெட்போனைக் கழற்றினார். அவருடைய முதுகு நிமிர்ந்தது. என் மம்மி திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"அப்ப எனக்கு விசர் இல்ல."

"இல்ல மம்மி."

"டேய் ரொஷான்!" என்று ஒரு சத்தம் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அந்தக் கன்னியர் மடத்துக்குப் போன் எடுத்து, இந்தப் புளோறன்ஸ் வரேல்ல எண்டு சொல்லு. தென்னை மரத்தை அவையே பாத்துக்கொண்டு இருக்கட்டும். கடிகாரம் கீறச் சொன்னவனுக்கும் சொல்லு, கொட்டாஞ்சேனையில ஒருத்தி இருக்கிறாள், காது கேக்கும் எண்டு!"

அண்ணா போனை எடுத்தார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மம்மி எழுந்து போய்ச் சூட்கேஸைத் திறந்து, சீலைகளை எடுத்து எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார். நான் உதவிக்குப் போனேன். எனக்குப் பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. மம்மி வீட்டிலேயே இருக்கப் போகிறார், இனி மிச்சத்தைச் சொல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் மம்மிக்குக் காது மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

மூன்றாவதோ நாலாவதோ சீலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பதிஞ்சு வச்சது எப்பிடி மகள் மாறுது?"

நான் சொன்னேன். அண்ணா தலையை ஆட்டி வேண்டாம் என்றார், பார்த்துக்கொண்டே சொன்னேன். குறிப்பு, இரைச்சல், போன், எல்லாம். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். எப்போது மூச்சு இழுக்கிறது, எவ்வளவு பலமாக விடுகிறது என்பதெல்லாம் தம்பியிடமிருந்து எடுத்த அளவுதான் என்றும் சொன்னேன். அது பொய் இல்லை.

"அளவு அவன்ட" என்றார் மம்மி.

"ஓம் மம்மி."

"மூச்சு?"

நான் கையில் இருந்த சீலையை மடித்தேன். மம்மி சீலையோடு கட்டிலில் உட்கார்ந்தார். ஏங்கி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. யாரோ முகத்தில் அறைந்துவிட்டுப் போன மாதிரி, கண்ணை இமைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் காய்ச்சல் தொடங்கின அண்டைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவமா மம்மி எண்டு கேட்டவன்" என்றார். "நான்தான் சொன்னனான், ரெண்டு பனடோல் மாத்திரை போட்டுட்டுப் படு, நாளைக்கு வேலைக்குப் போகலாம் எண்டு. அடுத்த நாளும் அதையேதான் சொன்னனான். உங்க ஒருத்தருக்கும் இது தெரியாது. சுவாமிக்கும் சொல்லேல்ல. சொல்ல வாய் வரேல்ல."

அண்ணா போனைக் கீழே இறக்கினார். அந்தப் பக்கத்தில் யாரோ ஹலோ ஹலோ என்பது எனக்குக் கேட்டது.

"ஒவ்வொரு நாளும் அவனிட்டக் கேட்டனான். என்னை மன்னிப்பியா மகன் எண்டு கேட்டுட்டு இதைப் போடுவன். கரகரத்தா, இன்னும் கோவம் எண்டு நினைப்பன். அடுத்த நாளும் கேப்பன். ஒருநாள் சரியான தெளிவா ஒரு மூச்சு விட்டான். மன்னிச்சிட்டான் எண்டு நினைச்சு, அண்டைக்குத்தான் முதல்முதலா அழுதனான்."

நான் மம்மியின் கையைப் பிடித்தேன்.  அண்ணாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அலுமாரிக் கதவு திறந்தபடி இருந்தது.

மம்மி என்னைத் திரும்பிப் பார்த்தார். புத்தி தெளிந்த, பயந்துபோன கண்கள்.

"அது மெசின் எண்டா, நான் இன்னும் அவனிட்டக் கேக்கவே இல்லையே, றொசானா."